ஷார்லொட்டே ஓல்ஷ்லேகல்: ஒரு பதக்கமும் வாங்காத ஃபிகர் ஸ்கேட்டிங் நட்சத்திரம் (கேள்வி பதில்)

ஷார்லொட்டே யார்?

1898 ஆகஸ்ட் 14 அன்று பெர்லினில் பிறந்த ஸ்கேட்டர், அதாவது அடியில் பிளேடு பொருத்திய காலணியோடு பனியில் வழுக்கி ஆடுபவர். உலகப் பட்டமோ ஒலிம்பிக் பதக்கமோ அவர் பெயரில் கிடையாது. ஆனால் இன்று ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியை டிவியில் பார்த்தால், அவர் பெயரைத் தாங்கிய ஓர் அசைவையாவது பார்த்துவிடலாம். ஜோடிப் போட்டி என்றால், அவரும் அவர் கணவரும் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஓர் அம்சம் நிச்சயம் இருக்கும்.

பதக்கப் பட்டியலை வைத்து ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதினால் இப்படிப்பட்டவர்கள் தானாகவே விடுபட்டுப் போகிறார்கள். இத்தனை கேள்விகளை எடுத்து வைத்துப் பதில் எழுத என்னைத் தூண்டியது அதுதான்.

சிறுவயதிலேயே ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டாரா?

முதலில் வந்தது இசை. வாத்தியம் வாசிப்பதில் கெட்டிக்காரச் சிறுமி; ஏழு வயதிலேயே பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு மேடையேறியவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. பனித்தளத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆனாலும் தாமதம் என்று சொல்ல முடியாது. பத்து வயதை ஒட்டியே பார்வையாளர் முன்னால் ஸ்கேட் செய்யத் தொடங்கிவிட்டார்.

அந்த இசைப் பயிற்சியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அன்றைய போட்டிகளில் இசைக்கு அவ்வளவு வேலை இல்லை. ஷார்லொட்டேயின் நிகழ்ச்சிகளிலோ தாளமும் பாவமும்தான் உயிர். தாளம் உடம்பில் ஊறியிருந்த ஒருத்தி பிளேடு மேல் ஏறி நின்றாள் என்பதுதான் அவருடைய தனிச்சிறப்பு என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து பெர்லினில் பனியில் நிகழ்ச்சி நடத்த எங்கே இடம் இருந்தது?

இயற்கைப் பனியை நம்பினால் ஆண்டில் சில வாரங்கள்தான் கிடைக்கும். உப்புக் கரைசலைக் குளிரவைத்துத் தரைக்கு அடியில் உள்ள குழாய்களில் ஓடவிட்டு, மேலே ஊற்றிய நீரை உறைய வைக்கும் முறை வந்ததும் நிலைமை மாறியது. நகரத்தின் நடுவில், கூரைக்குக் கீழே, எந்த மாதத்திலும் பனி கிடைத்தது. 1908இல் பெர்லினில் 'ஐஸ்பலாஸ்ட்' என்ற பனி அரண்மனை திறந்தது. அடுத்து ஃப்ரீட்ரிஷ் தெருவில், ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே 'அட்மிரால்ஸ்பலாஸ்ட்' வந்தது.

இந்த அட்மிரால்ஸ்பலாஸ்ட் வெறும் பனித்தளம் அல்ல. குளியல் கூடங்கள், உணவகம் எல்லாம் சேர்ந்த பெரிய கேளிக்கை மாளிகை. கதை, உடை, இசைக்குழு, கூட்ட நடனம் என்று எல்லாவற்றோடும் முழு பாலேக்களையே பனியில் அரங்கேற்றினார்கள். ஷார்லொட்டே வளர்ந்தது அந்த அரங்கத்தில்தான். பின்னாளில் அமெரிக்கா வியந்த 'பனி பாலே' என்ற வடிவம் இங்கேதான் பக்குவப்பட்டது.

அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1920களில் பனியை எடுத்துவிட்டு அதை நாடக அரங்காக மாற்றினார்கள். 1946 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் இணைந்து, பின்னர் கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கட்சி பிறந்ததும் அதே கூரையின் கீழ்தான்.

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளவில்லை?

அவருக்கு எல்லாக் கதவும் அடைந்தே இருந்தது.

பெரிய தடை, தொழில்முறை பற்றிய அன்றைய விதி. காசு வாங்கிக்கொண்டு ஸ்கேட் செய்தவர் 'அமெச்சூர்' அல்ல. அமெச்சூர் அல்லாதவருக்கு உலகப் போட்டியிலும் இடமில்லை, ஒலிம்பிக்கிலும் இடமில்லை. ஷார்லொட்டேயோ சிறுமியாக இருக்கும்போதே மேடைக்குப் போய்விட்டவர். போட்டியா மேடையா என்று யோசித்து முடிவெடுக்கும் வயதுகூட வருவதற்கு முன்பே அந்த முடிவு நடந்து முடிந்திருந்தது.

சரி, அந்த விதி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி இல்லை. ஃபிகர் ஸ்கேட்டிங் முதலில் இடம்பெற்ற ஒலிம்பிக் 1908 லண்டன். அப்போது அவருக்குப் பத்து வயது. 1912 ஸ்டாக்ஹோமில் ஸ்கேட்டிங்கே கிடையாது. 1916 ஒலிம்பிக் அவருடைய சொந்த ஊரான பெர்லினில் நடப்பதாக இருந்தது, போரால் நின்றுபோனது. 1920இலும் 1924இலும் ஜெர்மனியை அழைக்கவே இல்லை. ஜெர்மனி மறுபடி உள்ளே வந்த 1928இல் அவருக்கு 29 வயது. ஒரு ஸ்கேட்டரின் நல்ல காலம் முழுவதும் இப்படிக் கழிந்திருக்கிறது. 1898இல் பெர்லினில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் ஒலிம்பிக் நாட்காட்டி இரக்கம் காட்டவில்லை.

அவர் போட்டியிட்டிருந்தால் வென்றிருப்பாரா?

உறுதியாகச் சொல்ல முடியாது. காரணம், அன்றைய போட்டி வேறு விதமானது. மதிப்பெண்ணில் 60 சதவீதம் 'கட்டாய உருவங்களுக்கு'. அதாவது எட்டு போன்ற வடிவங்களைப் பிளேடின் விளிம்பால் பனியில் வரைந்து, அதே கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் பிசகாமல் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோடுகளைப் பரிசோதிப்பார்கள். மீதி 40 சதவீதம்தான் இசையோடு ஆடும் பகுதிக்கு. ஷார்லொட்டேயின் பலமெல்லாம் அந்த 40க்குள் அடங்கிவிடும்.

தவிர, பெண்கள் தாவுவதே பண்பில்லாத செயல் என்று பலர் நினைத்த காலம். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தெரேசா வெல்ட் ஒரு சால்கோவ் தாவலைச் செய்ததற்காகக் கண்டிக்கப்பட்டார். 'பெண்ணுக்கு அழகல்ல' என்பதுதான் புகார். அதற்கு ஐந்து வருடம் முன்பே ஷார்லொட்டே நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் தாவிக்கொண்டிருந்தார், கைதட்டலும் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் உடம்பால் எதுவரை போக முடியும் என்று சோதித்துப் பார்க்கும் சுதந்திரம் அன்று போட்டித் தளத்தில் இல்லை, கேளிக்கை மேடையில் இருந்தது. மேடைக்காரர்களை 'சர்க்கஸ்' என்று ஒதுக்கியவர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

அதே காலத்தில் போட்டிகளில் வென்ற ஜெர்மானியர்கள் யார்?

1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவின் முதல் தங்கம் மியூனிக்கைச் சேர்ந்த ஆன்னா ஹூப்ளருக்கும் ஹைன்ரிஷ் பர்கருக்கும் கிடைத்தது. போட்டியிட்டவை மூன்றே ஜோடிகள் என்பதும் உண்மை, நடுவர்கள் எல்லோரும் இவர்களை முதலிடத்தில் வைத்தார்கள் என்பதும் உண்மை. 1908, 1910 உலகப் பட்டங்களும் இவர்களுடையவை. அதே லண்டனில் பெண்கள் தனிப் பிரிவில் எல்சா ரெண்ட்ஷ்மிட் வெள்ளி வாங்கினார். தங்கம் பிரிட்டனின் மேட்ஜ் சயர்ஸுக்கு.

ஆண்களில் வெர்னர் ரிட்பெர்கர். 1910, 1911, 1912 என்று தொடர்ந்து மூன்று முறை உலகப் போட்டியில் இரண்டாமிடம். பின்பக்க வெளி விளிம்பிலிருந்து எழும்பி அதே விளிம்பில் இறங்கும் 'லூப்' தாவலை உருவாக்கியவர் அவர்தான். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் அந்தத் தாவலை இன்றும் 'ரிட்பெர்கர்' என்றே அழைக்கிறார்கள்.

நியூயார்க்குக்கு எப்படிப் போனார்?

1915இல் சார்ல்ஸ் டில்லிங்ஹாம் என்ற தயாரிப்பாளர் நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கினார். சிக்ஸ்த் அவென்யூவில், 43ஆம் தெருவுக்கும் 44ஆம் தெருவுக்கும் நடுவில் நின்ற அந்த அரங்கத்தில் 5,000 பேருக்கு மேல் உட்காரலாம். யானைக் கூட்டங்கள், நீர்த்தொட்டிச் சாகசங்கள் என்று பிரம்மாண்டத்துக்குப் பேர்போன இடம். ஆனால் இடத்தை நிரப்புவது லேசான காரியம் அல்ல. ஒவ்வொரு பருவத்துக்கும் ஊரில் யாரும் பார்த்திராத ஒன்றைக் கொண்டுவந்தாக வேண்டும். பெர்லின் பனி பாலேயைக் கொண்டுவந்தார்கள். கூடவே வந்தார் 17 வயது ஷார்லொட்டே.

'ஹிப்-ஹிப்-ஹுரே' என்ற அந்த நிகழ்ச்சி 1915 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. ஜான் ஃபிலிப் சூசாவின் புகழ்பெற்ற பேண்டு வாத்தியக் குழுவும் அதில் உண்டு. செயின்ட் மோரிட்ஸ் பனிச்சுற்றுலாத் தலத்தைப் பின்னணியாகக் கொண்ட பனி பாலே ஒன்று நிகழ்ச்சியின் ஒரு பகுதி. அதில் ஷார்லொட்டே வரும் நேரம்தான் ஊர்ப் பேச்சானது. 1916 ஜூன் வரை 400க்கும் மேற்பட்ட முறை அது அரங்கேறியது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு போட்டியாளர் ஆண்டுக்கு நாலைந்து முறை நடுவர் முன்னால் ஆடுவார். இவர் ஏறக்குறைய எட்டு மாதத்தில் 400 முறைக்கு மேல், பல நாட்களில் இரண்டு முறை, காசு கொடுத்து வந்த கூட்டத்தின் முன்னால் ஆடினார். உடம்பு சரியில்லை, பனி சரியில்லை என்று ஒதுங்க முடியாது. அந்தப் பழக்கம் ஒருவரை எவ்வளவு தேற்றியிருக்கும்!

ஜெர்மன் பெண் என்பதால் எதிர்ப்பு இருக்கவில்லையா? அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்ததே?

அமெரிக்கா போரில் இறங்கியது 1917 ஏப்ரலில்தான். அவர் பெயரெடுத்த பருவம் அதற்கு முந்தையது. விளம்பரங்களில் குடும்பப் பெயர் இல்லாமல் 'ஷார்லொட்' என்று மட்டும் போட்டார்கள். அமெரிக்க நாக்குக்கு ஓல்ஷ்லேகல் வராது என்பது ஒரு வசதி. ஜெர்மன் வாசனை குறைவது இன்னொரு வசதியாக இருந்திருக்கும்.

ஆன்னா பாவ்லோவாவோடு என்ன தொடர்பு?

1916 ஆகஸ்டில் ஹிப்போட்ரோமில் தொடங்கிய அடுத்த நிகழ்ச்சியின் பெயர் 'தி பிக் ஷோ'. அதில் பாவ்லோவா 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலேயோடு வந்தார். ஷார்லொட்டே தன் பனி பாலேயோடு வந்தார். நம் ருக்மிணி தேவி அருண்டேலுக்கு பாலே மேல் ஆசை மூட்டிய அதே பாவ்லோவாதான். உலகத்தின் மிகப் பெரிய பாலே கலைஞரும் மிகப் பெரிய பனி பாலே கலைஞரும் ஒரே நிகழ்ச்சியில்!

ஃபோக்கின் என்ற நடன ஆசிரியர் பாவ்லோவாவுக்காக அமைத்த 'சாகும் அன்னம்' நடனத்தை ஷார்லொட்டே பனிக்கு மாற்றி ஆடினார். பாலேயில் கால் விரல் நுனியில் சின்னச் சின்ன அடிகளாக வைத்து மிதப்பதுபோல் காட்ட வேண்டிய நடனம் அது. ஸ்கேட்டருக்கு மிதப்பு பிளேடிலேயே இருக்கிறது. கையும் கழுத்தும் முதுகும் அன்னத்தைச் சொன்னால் போதும். அன்று முதல் எத்தனையோ ஸ்கேட்டர்கள் இதே அன்னத்தைப் பனியில் ஆடிவிட்டார்கள்.

ஆக்சல் தாவலைச் செய்த முதல் பெண் ஷார்லொட்டேயா, சோன்யா ஹெனியா?

நூல்களில் இரண்டும் இருக்கும். வாசகர்கள் குழம்புவது நியாயம்தான்.

ஆக்சல் என்பது நார்வேயைச் சேர்ந்த ஆக்சல் பால்சென் 1882இல் வியன்னாவில் செய்து காட்டிய தாவல். மற்றத் தாவல்களில் பின்நோக்கிப் போய்க்கொண்டே எழும்புவார்கள். இதில் மட்டும் முன்னோக்கிப் போகும்போதே எழும்பி, பின்நோக்கி இறங்க வேண்டும். அதனால் ஒரு சுற்றுக்குப் பதில் ஒன்றரைச் சுற்று. முகத்துக்கு நேரே வெற்றிடம் தெரிய, அதற்குள் தாவுவது மனத்தளவிலும் கஷ்டம்.

மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற நார்வே ஸ்கேட்டர் ஹெனி, இதைப் போட்டியில் செய்த முதல் பெண் என்று பெயர் பெற்றவர். ஷார்லொட்டே அதற்கும் முன்பே மேடை நிகழ்ச்சிகளில் செய்தார் என்பது பல ஸ்கேட்டிங் வரலாறுகளின் கூற்று. பதிவேட்டில் ஏறியதுதான் சாதனை என்றால் ஹெனி. பனியில் நடந்ததுதான் சாதனை என்றால் ஷார்லொட்டே. என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது.

அவர் பெயரில் உள்ள அசைவு எது?

'ஷார்லொட் ஸ்பைரல்'. ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டே உடம்பை முன்னால் மடித்து, நெஞ்சு தொடையைத் தொட, தலையானது உடம்பைத் தாங்கும் காலின் முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். மற்றக் கால் வானத்தைப் பார்த்து நேர்கோடாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே செங்குத்துக் கோடு நகர்வதுபோல் இருக்கும்.

வளைந்துகொடுக்கும் உடம்பு இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மட்டும் போதாது. தலை கீழே போனதும் எங்கே போகிறோம் என்ற உணர்வு தடுமாறும். எடை முழுவதும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பிளேடில் சரியான புள்ளியில் விழ வேண்டும். சற்று முன்னே போனால் பிளேடு முனையின் பற்கள் பனியைக் கவ்விக்கொள்ளும். வேகமும் குறையக் கூடாது. வேகம் இல்லாத ஷார்லொட் ஸ்பைரல் வெறும் உடற்பயிற்சியாகப் போய்விடும்.

நிகழ்ச்சியின் முடிவில் தணிந்து தணிந்து நிற்கும் ஒரு நிறுத்தத்துக்கும் அவர் பெயர் உண்டு. மேடைக்காரருக்கு முடிவும் ஒரு கலை.

'டெத் ஸ்பைரல்' அவருடைய கண்டுபிடிப்பா?

ஷார்லொட்டேயும் அவர் கணவர் குர்ட் நோய்மானும் சேர்ந்து 1920களில் உருவாக்கியது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு.

ஆண் ஓரிடத்தில் பிளேடின் முனையை ஊன்றி, முழங்காலை மடித்து, அச்சாக நின்று சுழல்வார். பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிளேடின் ஒரு விளிம்பில் அவரைச் சுற்றி வட்டமடிப்பார், உடம்பைப் பனிக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்தபடி. அவரை வெளியே தள்ளப் பார்க்கும் வேகத்தையும் உள்ளே இழுக்கும் பிடியையும் சமன் செய்வதுதான் சூட்சுமம். பிடி தளர்ந்தால் பறந்துபோவார்; வேகம் குறைந்தால் விழுவார். சாய்வு அவ்வளவு ஆழமாக இருப்பதற்குக் காரணம் துணிச்சல் மட்டும் அல்ல, அந்த வட்டத்தின் கணக்கே அதைக் கேட்கிறது.

அந்தக் கால வடிவம் இன்றைய அளவுக்குத் தாழ்வானது அல்ல. 1948இல் கனடாவின் சுசான் மாரோ, வாலஸ் டீஸ்டல்மேயர் ஜோடி ஒற்றைக் கைப் பிடியோடு இதைப் போட்டிக்குக் கொண்டுவந்து இன்றைய உருவத்துக்கு நெருக்கமாக்கியது. இப்போது முன்னோக்கு, பின்னோக்கு, உள் விளிம்பு, வெளி விளிம்பு என்று நான்கு வகை உண்டு. அட்மிரால்ஸ்பலாஸ்ட் பாரம்பரியத்தில் வந்த ஒரு மேடைச் சாகசம், 'சர்க்கஸ்' என்று முகம் சுளித்த அதே போட்டி உலகத்தின் விதிப் புத்தகத்தில் இன்று உட்கார்ந்திருக்கிறது.

சினிமாவில் நடித்திருக்கிறாரா?

ஆம். 'தி ஃப்ரோசன் வார்னிங்' என்ற மௌனப் படம், 1917. ஒற்றர் கதை. ஸ்கேட்டரை நாயகியாக வைத்த படங்களில் மிக முந்தையது அது. அதற்கு முந்தைய ஆண்டு, 1916இல், 'தி ஹிப்போட்ரோம் ஸ்கேட்டிங் புக்' என்ற பயிற்சி நூலும் அவர் பெயரில் வந்தது. ஸ்கேட்டிங் மோகம் அமெரிக்க நகரங்களில் பரவிய நேரம். அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கம் தொடங்குவதற்கு (1921) ஐந்து வருடம் முன்பு. மேடையில் பார்த்ததை வீட்டுப் பக்கத்துக் குளத்தில் செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக எழுதிய நூல்.

சோன்யா ஹெனியின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் ஏன் தெரியவில்லை?

ஹெனியிடம் மூன்று ஒலிம்பிக் தங்கம் இருந்தது, பத்து உலகப் பட்டம் இருந்தது. 1936க்குப் பிறகு ஹாலிவுட் இருந்தது, அதுவும் பேசும் படங்களின் ஹாலிவுட். ஷார்லொட்டேயின் உச்சம் மௌனப் படக் காலத்தோடும் முதல் உலகப் போரோடும் சேர்ந்து மறைந்துவிட்டது. அவர் ஆடிய ஹிப்போட்ரோமே 1939இல் இடிக்கப்பட்டது. 'ஐஸ் ஃபாலீஸ்', 'ஐஸ் கேப்பேட்ஸ்', 'ஹாலிடே ஆன் ஐஸ்' போன்ற பெரிய பனி நிகழ்ச்சிக் குழுக்கள் 1930களிலும் 40களிலும் கிளம்பி, அந்தத் துறையே இப்போதுதான் பிறந்தது என்ற தோற்றத்தை உண்டாக்கின.

ஹெனியைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணம் இல்லை. ஆனால் ஒரு பெண் ஸ்கேட்டர் தனியாக ஓர் அரங்கத்தை நிரப்ப முடியும், பத்திரிகைகளில் பேசப்பட முடியும், சினிமாவுக்குப் போக முடியும் என்பதை அவருக்கு இருபது ஆண்டு முன்னாலேயே ஒருவர் நடத்திக் காட்டிவிட்டார்.

பிற்காலத்தில் என்ன ஆனார்?

பெர்லினுக்கே திரும்பினார். 1984 நவம்பர் 14 அன்று, 86 வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார். அடுத்த ஆண்டே, 1985இல், உலக ஃபிகர் ஸ்கேட்டிங் புகழ் அரங்கத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ஒரு வருடம் முந்தியிருந்தால் அவரே பார்த்திருப்பார். இந்தத் தாமதம் எனக்கு வருத்தம் தருகிறது.

அவருடைய அசைவை இன்று எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவின் மிஷெல் க்வானோ சாஷா கோஹனோ ஆடிய பழைய காணொளிகளைத் தேடிப் பாருங்கள். இருவரும் ஷார்லொட் ஸ்பைரலை அழகாகச் செய்தவர்கள். பார்க்கும்போது மேலே நிற்கும் காலையே பார்த்துக்கொண்டிருக்காமல், பனியில் ஓடும் பிளேடைப் பாருங்கள். அது வேகம் இழக்காமல், அதிராமல் ஓடினால் அந்த ஸ்பைரல் நல்ல ஸ்பைரல்.